ஆக்சிசன் உணரி

ஆக்சிசன் உணரி (லாம்டா உணரி) என்பது, மகிழுந்தின் புகைபோக்கிக் குழாயில் பொருத்தப்பட்டு, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிசனின் அளவை அறிந்து மின்குறிப்பாகத் தரும் கருவி ஆகும். இக்குறிப்பைக் கொண்டே பொறியின் கட்டுப்பாட்டுக் கணினி, தெளிக்க வேண்டிய பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது. இது நாளடைவில் தேய்ந்து பழுதாகும் பாகம். பழுதான உணரியைக் கவனியாது விட்டால் எரிபொருள் வீணாவதுடன், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள வினையூக்கி மாற்றியும் கெடக்கூடும். ஆயினும் எச்சரிக்கை விளக்கு எரிவதாலேயே உணரி பழுது என்று கொள்ள முடியாது.

அமைப்பும் செயற்பாடும்

உணரியின் முனையில் சிர்க்கோனியாவால் ஆன பீங்கான் கூடு உள்ளது. இதன் வெளிப்புறத்தில் புகையும் உட்புறத்தில் வெளிக்காற்றும் படும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும், இரு பக்க ஆக்சிசன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றுகிறது. பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டும் கிடைக்கும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் (எடையளவில்) என்பது சரியான கலவை.

வினையூக்கி மாற்றிக்கு முன்னுள்ள உணரி கலவையைத் திருத்த உதவுகிறது. பின்னுள்ள உணரி, மாற்றி சரியாக இயங்குகிறதா எனக் கண்காணிக்கிறது.

வரலாறு

செருமனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரி, 1976ஆம் ஆண்டில் வால்வோ மகிழுந்துகளில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. 1982இல் மின்சூடேற்றி கொண்ட வகை அறிமுகமானது. இதனால் வண்டி கிளம்பிய சிறிது நேரத்திலேயே உணரி வேலை செய்யத் தொடங்கியது.

பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம் உணரியையும் வினையூக்கி மாற்றியையும் கெடுக்கும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயக் கலப்பு நிறுத்தப்பட்டது. சென்னையில் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 4 விதிகள், பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி அமைப்பையும் மகிழுந்துகளில் கட்டாயமாக்கின.

பழுதின் அறிகுறிகள்

* கருவிப் பலகையில் பொறி எச்சரிக்கை விளக்கு எரிதல்
* ஒரு லிட்டருக்கு ஓடும் தொலைவு குறைதல்
* நின்ற நிலையில் பொறி சீரற்று ஓடுதல்
* மாசுச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு கூடுதல்

பொறியில் எண்ணெய் எரிதல், குளிர்விப்பு நீர் கசிதல், பொருந்தாத சிலிக்கோன் பசை ஆகியனவும் உணரியின் ஆயுளைக் குறைக்கும்.

மாற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் செருகுவாயில் ஓபிடி படிப்பியை இணைத்தால் பழுதுக் குறியீடு தெரியும். பி0135 என்பது முன் உணரியின் சூடேற்றிச் சுற்றில் உள்ள கோளாறைக் குறிக்கும். இது எரிந்துபோன உருகியாலும் ஏற்படலாம். பி0171 என்பது காற்று மிகுந்த கலவையைக் குறிக்கும். காற்றுக் குழாய்க் கசிவு இதற்குக் காரணமாக இருக்கலாம். பி0420 வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததைக் குறிக்கும்.

உணரிக்கு முன்னுள்ள புகைக்குழாயில் ஓட்டை இருப்பின், அதன் வழியே வெளிக்காற்று புகுந்து பொய்யான அளவு காட்டும். எலி கடித்த கம்பி, பாசி பிடித்த இணைப்பி ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். இயங்கும் முன் உணரியின் மின்னழுத்தம் சூடான பொறியில் மேலும் கீழுமாக விரைந்து மாறும். ஒரே அளவில் நிற்குமாயின் உணரியை ஐயுறலாம்.

மாற்றும் முறை

1. பொறியை நிறுத்தி, குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, மின்கல இணைப்பைக் கழற்ற வேண்டும்.
2. மரையில் துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும்.
3. இணைப்பியைப் பிரித்து, பெரும்பாலும் 22 மி.மீ. அளவுள்ள, பக்கப் பிளவு கொண்ட சாக்கெட்டால் உணரியைக் கழற்ற வேண்டும்.
4. புதிய உணரியின் மரையில் மட்டும் இறுக்கத்தடுப்புப் பசை இருக்கலாம், முனையில் படக்கூடாது.
5. கையால் மரை ஏற்றி, கையேட்டில் உள்ள முறுக்கு விசைக்கு இறுக்கிய பின் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

மகிழுந்து நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் உணரியைப் பெரும்பாலும் வேறொரு உணரி நிறுவனமே தயாரிக்கிறது. பாக எண்ணை ஒப்பிட்டு அதே வகையை உதிரிபாகக் கடையில் வாங்கினால் செலவு குறையும். கம்பி இணைத்துப் பயன்படுத்தும் பொதுவகை இன்னும் மலிவானது. பல உணரிகள் கம்பியின் உட்புற இடைவெளி வழியாகவே வெளிக்காற்றைப் பெறுவதால், கம்பிகளை ஈயப்பற்று வைக்காமல் நெரித்து இணைக்க வேண்டும்.

சென்னையின் புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளின் பாகங்கள் கிடைக்கின்றன. தாம்பரத்தார் புறநகர் தொடர்வண்டியில் எழும்பூரில் இறங்கி அங்குச் செல்லலாம். கதவு, விளக்கு போன்றவற்றுக்கு இச்சந்தை ஏற்றது. ஆனால் பழைய உணரியின் எஞ்சிய ஆயுளைக் கண்ணால் அறிய இயலாது என்பதால் அதனைப் புதிதாக வாங்குவதே நன்று.

2014 ஆகத்து 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 மகிழுந்து நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறி கருவிகளும் தனியார் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கூறியது. இதனை எதிர்த்து மேல்முறையீடுகள் தொடரப்பட்டன. 2022 டிசம்பரில் இந்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது.

வெள்ளமும் உணரியும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. சூடான உணரியின் மீது நீர் பட்டால் பீங்கான் வெடிக்கக்கூடும். இணைப்பியில் புகும் சேற்றுநீர் பல நாட்களுக்குப் பின்னரும் அரிப்பை உண்டாக்கும். நீரில் நின்ற வண்டியைக் கிளப்பாமல், முதலில் இணைப்பிகளைப் பிரித்து உலர்த்துவது இத்தகைய இழப்பைக் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

* வினையூக்கி மாற்றி
* உள் எரி பொறி
* பாரத் மாசு வெளியேற்ற நெறிமுறைகள்