கேள்வி என்றொரு பதவி

திருமலைப் பெரிய ஜீயரின் மரபுப் பெயர் நீளமானது. அதன் தலைப்பில் 'கோயில் கேள்வி அப்பன்' என்று மூன்று சொற்கள் நிற்கும். கோயில் புரிகிறது, அப்பனும் புரிகிறது. நடுவில் இருக்கும் கேள்விக்கு அங்கே என்ன வேலை?

வள்ளுவர் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர் வைத்தார். கற்றவர் சொல்லக் கேட்டு அறிவது அது. ஜீயர் துறவி, வேதாந்தம் கேட்டவர், ஆகவே கேள்வி என்று முடித்துவிடத் தோன்றும். அந்த முடிவைக் கல்வெட்டுகள் ஏற்கவில்லை. திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதி தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் படித்துத் தந்தவற்றைத் தேவஸ்தானம் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் 15ஆம் நூற்றாண்டில் 'கோயில் கேள்வி எம்பெருமானார் ஜீயர்' என்று ஒருவர் வருகிறார். நந்தவனம், அமுதுபடி, கட்டளை, பிரசாதப் பங்கு என்று அவர் பெயர் வரும் இடமெல்லாம் காரியம் நடக்கும் இடம். படிப்பைக் குறிக்கும் பட்டம் இது இல்லை. கோயில் கேள்வி என்றால் கோயிலின் காரியத்தைக் கேட்கும் உரிமை. இன்றைய மொழியில் சொன்னால் மேற்பார்வை அதிகாரம்.

கேட்பது எப்படி அதிகாரமாயிற்று? இரண்டு வழிகள் தெரிகின்றன. சோழர் ஆவணங்களில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டு எழுத்தில் ஏற்றுவதற்குத் 'திருவாய்க்கேள்வி' என்று பெயர். ஆணையைக் கேட்டவனே அதை நிறைவேற்றவும் வேண்டியவன் என்பதால் கேள்வி பதவியாகியிருக்கலாம். இன்னொரு வழி நம் வாயிலேயே இருக்கிறது. ஆளில்லாத சொத்து 'கேட்பாரற்றுக் கிடக்கிறது' என்கிறோம். 'இந்த அநியாயத்துக்குக் கேள்விமுறையே இல்லையா' என்று பொங்குகிறோம். ஒருவர் தன் போக்கில் போனால் 'அவனைக் கேட்க ஆளில்லை' என்கிறோம். இந்த வழக்குகளில் கேட்பவர் ஐயம் தீர்த்துக்கொள்ள வந்த மாணவர் அல்லர். பதில் வாங்கும் உரிமையும் காக்கும் கடமையும் சேர்ந்தவர். எனக்கு இந்த இரண்டாம் வழியே கனமானதாகப் படுகிறது. அரண்மனையோடு திருவாய்க்கேள்வி மறைந்து போனது. கேட்பாரற்ற கிணறும் மனையும் இன்றும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

பெயர் கல்லில் ஏறும் முன்பே அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. முதலாம் இராஜேந்திரன் காலம். திருச்சானூரை அடுத்த இன்றைய யோகிமல்லவரத்துக்கு அப்போது திருமுண்டியம் என்று பெயர். திருமலையில் விளக்கெரிக்கக் கொடையாளர்கள் தந்த பொன்னை அவ்வூர்ச் சபையார் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் பயனில் ஒரு கற்பூர விளக்கு உட்பட இருபத்துநான்கு விளக்குகள் மலையில் எரிய வேண்டும். எரிந்தவை இரண்டு. அதிகாரி கொற்றமங்கலமுடையான் திருமுண்டியத்துக்கே வந்து தங்கி, கோயில் காரியத்தை விசாரித்தார். கணக்கு வெளிவந்ததும் சபையாரிடம் இருந்த முதலைக் கோயில் பண்டாரத்துக்கு மாற்றி, இனி அங்கிருந்தே விளக்கெரியட்டும் என்று தீர்த்தார்.

இன்று மேலாண்மையியல் படிப்பவர்கள் இதை முதலாளி–முகவர் சிக்கல் என்று கரும்பலகையில் வரைந்து படிக்கிறார்கள். பணம் தந்தவர் ஓரிடம், செலவழிப்பவர் வேறிடம், வேலை நடப்பது மூன்றாமிடம். கண்பார்வை எட்டாத தூரத்தில் வேலை தளரும். திருமுண்டியத்துக்கும் திருமலைக்கும் நடுவே ஏழு மலை. விளக்கு எரிகிறதா என்று யார் ஏறிப் பார்ப்பது? அதிகாரி சபையாருக்கு நல்லொழுக்கம் போதித்ததாகக் கல்வெட்டில் இல்லை. பணம் இருந்த இடத்தை மாற்றினார். தண்டனையைவிட இந்த ஏற்பாட்டில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

விசயநகரக் காலத்தில் திருமலைக் காரியத்தை நடத்தியவர்கள் ஸ்தானத்தார் என்ற பன்னிருவர் குழுவினர். திருப்பதி ஸ்ரீவைஷ்ணவர், திருச்சானூர்ச் சபையார், அர்ச்சகர்களான நம்பிமார், கோயில் கணக்கர் ஆகியோரோடு கோயில் கேள்வி ஜீயர் இருவர். 'பன்னிரண்டு நிர்வாகம்' என்றே கல்வெட்டு பேசுகிறது. நாம் அலுவலகத்தில் தினமும் புழங்கும் நிர்வாகம் என்ற சொல் அப்போதே மலையில் குடியேறிவிட்டது. 'வஹ்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்த அதற்குச் சுமந்து செல்வது என்பது அடிப்பொருள். சுமப்பவர் பன்னிருவர், அவர்களில் கேட்பவர் இருவர். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பன்னிருவர் நடத்திய பொருளாதாரத்தைப் பல்கலைக்கழக ஆய்வாக முதலில் விரித்தவர்களில் ஒருவர் பர்ட்டன் ஸ்டைன். 1958இல் சிகாகோவில் அவர் பெற்ற முனைவர் பட்டமே திருப்பதிக் கோயிலின் பொருளாதாரம் பற்றியது. கொடையாளர் தந்த பொன்னைக் கோயில் பூட்டி வைக்கவில்லை. தன் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்குச் செலவிட்டது. விளைச்சல் கூடியது, கூடுதல் விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரால் அமுதுபடி நடந்தது. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்குத் திரும்பி வந்தது. அந்தப் பங்குக்குக் கல்வெட்டில் 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். வங்கி வட்டிக்கும் தேர்தல் முடிவுக்கும் இன்று நாம் சொல்லும் விழுக்காடு அங்கே சோறாக விழுந்திருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரிய சொல், இங்கே விட்டுவிடுகிறேன்.

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது திருமலையும் சேர்ந்து வந்தது. கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803இல் கோயிலின் பூசை, வரவு, செலவு பற்றி மேலிடத்துக்கு நீண்ட அறிக்கை எழுதினார். 1821இல் 42 விதிகள் கொண்ட ப்ரூஸ் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவே தோன்றிய ஓர் ஆவணம்தான் நமக்கு முக்கியம். அதன் பெயர் 'சவால் ஜவாப் பட்டி'. வழக்கம் என்ன, உரிமை யாருக்கு என்று கேட்டு வாங்கிய வினாவிடைத் தொகுப்பு அது. இன்று ஆய்வு மாணவர்கள் அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய் நிரப்பி வாங்கும் வினாநிரலுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

சவால் என்ற அரபுச் சொல்லுக்குக் கேள்வி என்றுதான் பொருள். தமிழுக்கு வந்து அறைகூவல் ஆகிவிட்டது. கேட்டால் நமக்கு வம்புக்கு இழுப்பதாகத் தோன்றுகிறது போலும். ஜவாப் நேராகவே நடந்தது. பதில் சொல்ல வேண்டியவர் ஜவாப்தாரி. பொறுப்புடைமைக்குத் தெலுங்கு நாளேடுகள் எழுதும் சொல் இன்றும் 'ஜவாபுதாரீதனம்'. சித்தூர்ப் பக்கத்துத் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்தே பேசிக்கொள்ளக்கூடிய சொல் இது.

1843இல் கம்பெனி கோயில் நிர்வாகத்திலிருந்து விலகி, அதை ஹதீராம்ஜி மடத்தின் மகந்து, அதாவது மடத் தலைவர், சேவாதாஸிடம் ஒப்படைத்தது. பதவியின் பெயர் விசாரணைகர்த்தர். மலையில் ஒரு கேள்வி ஏற்கெனவே இருக்க, அதே பொருளில் வடமொழிச் சொல் மேலேறி உட்கார்ந்தது. இது திருமலைக்கு மட்டுமான வழக்கம் அன்று. தமிழ்நாட்டில் ஆதீனங்களின் கட்டளைகளைப் பார்த்துக்கொள்வதற்குக் கட்டளை விசாரணை என்று பெயர். கத்தோலிக்கப் பங்குகளைப் பேணும் குருவுக்கு விசாரணைக் குரு என்ற பழைய வழக்கும் உண்டு. ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று முடிப்போம். அந்த விசாரிப்பில் அக்கறை மட்டுமே உண்டு. பேருந்து நிலையத்தில் விசாரணை என்ற பலகை வழி சொல்கிறது. காவல் நிலையத்தில் அதே சொல் தொடையை நடுங்க வைக்கிறது. அலுவலகத்தில் 'துறை விசாரணை' என்றால் சம்பள உயர்வு நின்றது. தெலுங்கிலோ விசாரம் என்றால் துக்கம், தமிழிலும் 'விசாரப்படாதே' என்கிறோம். அன்பும் வழிகாட்டலும் அச்சமும் கவலையும் இத்தனை நெருக்கமாகக் குடியிருக்கும் சொல் நிர்வாக அகராதியில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அதன் வேர் 'சர்', நடத்தல், திரிதல். வி-சாரம் என்றால் அங்குமிங்கும் நடந்து பார்ப்பது. மேலாளர் அறையை விட்டு இறங்கி நடமாட வேண்டும் என்ற பாடத்தை ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தை எடுத்துக்காட்டி 1982இல் பீட்டர்ஸும் வாட்டர்மேனும் உலகப் புகழாக்கினார்கள். சொல்லின் வேரிலேயே நடை வைத்திருந்த நாம் காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கினோம்.

தொண்ணூறு ஆண்டுகளில் ஆறு மகந்துகள் விசாரணைகர்த்தராக இருந்தார்கள். கடைசியானவர் பிரயாக தாஸ். இந்தக் காலம் வழக்குகளின் காலம். கோயிலை நடத்தும் திட்டத்தைப் பற்றிய வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி 1907இல்தான் தீர்ந்தது. மகந்துகள் திருப்பணியும் செய்தவர்கள்தான், ஒட்டுமொத்தமாகக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் பெயரைப் பாருங்கள். கேள்வி ஜீயர் பன்னிருவரில் இருவர், தாம் கேட்கலாம், மற்றவர் அவரைக் கேட்கலாம். விசாரணைகர்த்தர் ஒருவர். அவரை விசாரிக்க வேண்டுமானால் நீதிமன்றப் படியேற வேண்டும். சொல்லில் விசாரணை இருந்தும் அமைப்பில் கேள்விமுறை இல்லாமல் போயிற்று. 1933இல் சென்னை மாகாணச் சட்டத்தால் அந்தப் பதவி போய், தேவஸ்தானக் குழுவும் ஆணையரும் வந்தார்கள். பிறகு 1951 சட்டத்தில் அறங்காவலர் குழுவும் நிர்வாக அதிகாரியும் வந்தார்கள். 1987இல் ஆந்திர அரசின் சட்டம் மிராசு என்ற பரம்பரை உரிமையை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் அதை உறுதி செய்தது.

மூன்றாவதாக ஒரு சொல் கடல் தாண்டியிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஸ்ரீகாரியம் ஆராய்கின்றவர் என்று கோயில் மேலாளரைச் சொல்வதுண்டு. இலங்கையில் சிங்களக் கிராமத் தலைவர் பதவியின் பெயர் ஆரச்சி. இன்று ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பப் பெயர்களின் வாலில் அது இருக்கிறது. தமிழ் 'ஆராய்ச்சி'யிலிருந்து பிறந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. கேள்வி, விசாரணை, ஆராய்ச்சி என்று அறிவைத் தேடுவதற்குரிய மூன்று சொற்களையும் நம் முன்னோர் ஆளும் பதவிக்கு வைத்தார்கள். ஆங்கிலத்தின் 'மேனேஜ்' கையிலிருந்து வந்தது. இத்தாலியில் குதிரையைப் பழக்கும் வேலைக்குரிய சொல் அது. ஆனாலும் மேற்கிலும் காது ஒரு துறையில் தங்கியிருக்கிறது. 'ஆடிட்' என்ற லத்தீன் வழிச் சொல்லுக்குக் கேட்டல் என்றே பொருள். கணக்கை உரக்கப் படிக்க, தணிக்கையாளர் காதால் கேட்டுச் சரிபார்த்த காலத்து மிச்சம் அது. கோயில் கேள்விக்கு இதைவிட நெருங்கிய உறவு ஆங்கிலத்தில் இல்லை.

தொழிலிட நடத்தை பற்றிய ஆய்வுத்துறை கேட்டலைக் கண்டுபிடித்தது சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில். 1924இல் விளக்கொளியைக் கூட்டிக் குறைத்துத் தொடங்கிய ஆய்வு அது. அங்கேயும் சிக்கல் விளக்கில்தான் தொடங்கியிருக்கிறது! ஒளி எப்படி மாறினாலும் உற்பத்தி ஏறியதாகச் சொன்னார்கள். அந்த ஒளிக் கணக்கைப் பின்வந்தோர் கடுமையாகவே குறை கூறியிருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனவர்கள், பிறகு பட்டியலை வைத்துவிட்டுத் தொழிலாளி சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள். குறை சொன்ன சிலர், எதுவும் மாற்றப்படாத நிலையிலும், நிலைமை சீரானதாகச் சொன்னார்கள். கேட்டதே மருந்தாயிற்று என்று அத்துறை மகிழ்ந்து எழுதியது.

நான் அவ்வளவு மகிழமாட்டேன். ஒன்றும் மாறாமல் மனம் மட்டும் ஆறினால் அது ஆறுதல், கேள்வி ஆகாது. திருமுண்டியத்தில் கேட்டவுடன் பணம் இடம் மாறியது. விளக்குக்கு வழி பிறந்தது. ஊழியர் கருத்துக் கணிப்பு என்று ஆண்டுதோறும் படிவம் அனுப்பிவிட்டு அதைத் திறந்தும் பார்க்காத நிறுவனங்கள் இரண்டு வகையிலும் சேராதவை.

திருமலையில் காலை நடை திறக்கும்போது ஜீயரோ அவர் சார்பில் ஏகாங்கி என்னும் சீடரோ இன்றும் உடன் நிற்கிறார். தோமாலை சேவைக்குப் பூமாலையை யமுனைத்துறை என்னும் பூ அறையிலிருந்து எடுத்து வருவதும் ஜீயரின் கைங்கர்யம். பணமும் ஆளும் டெண்டரும் நிர்வாக அதிகாரியின் கையில். கேள்வி என்ற பெயர் மட்டும் மடத்தோடு நின்றுவிட்டது. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் மலையடியிலேயே மேலாண்மைப் படிப்பு நடத்துகின்றன. அங்கும் நம் தமிழகக் கல்லூரிகளிலும் நிறுவன நடத்தை பற்றி ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் அதிகாரத்தை மேலாண்மையியல் முன்னோடி டெய்லரிலிருந்து தொடங்குவது உங்கள் விருப்பம். அதற்கு முன் தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகளில் முதல் தொகுதியையாவது நூலகத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள்.