பேரேடும் கணிப்பொறியும்

அரசாங்கம் ஒன்றின் திறமையை அறிய அதன் ஆண்டறிக்கையைப் படிக்கலாம். அல்லது அதன் ஜன்னலுக்கு முன்னே நிற்கும் வரிசையைப் பார்க்கலாம். பொதுமக்கள் அறிந்தது இரண்டாவது வழியே. மும்பைத் தமிழர்களுக்கு இத்தகைய ஜன்னல்களுள் தலையாயது ரயில் முன்பதிவு ஜன்னல். பிழைப்புத் தேடித் தாராவியில் குடியேறிய திருநெல்வேலிச் சீமையாருக்கும், உத்தியோகத்தின் பொருட்டு மாதுங்காவிலும் செம்பூரிலும் தங்கியவர்க்கும் சொந்த ஊருக்குச் செல்லும் பாதை அங்கேதான் தொடங்கிற்று. ஆகவே, அரசாங்க இலாகாக்களில் கணிப்பொறி புகுந்த வரலாற்றை அந்த ஜன்னலருகே நின்று நோக்குவோம்.

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு, 34 கிலோமீட்டர் தூரம், இந்நாட்டின் முதற் பிரயாணி ரயில் ஓடியது. அதற்குப் பின் நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும், முன்பதிவுக் கணக்கு கையெழுத்துப் பேரேட்டிலேயே இருந்து வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி ஏடு. குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட ஜன்னல். ஒரு வரிசையில் நெடுநேரம் நின்று, இடம் இல்லை என்று அறிந்தபின், வேறு வண்டிக்காக வேறு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊரிலிருந்து திரும்புவதற்கும் இடம் வேண்டுமென்றால் அந்த ஊர் நிலையத்துக்குத் தந்தி போக வேண்டும்; பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஏட்டில் இடம் இருக்கிறதா என்பது அதைத் திறந்து வைத்திருக்கும் குமாஸ்தா ஒருவருக்கே தெரியும். மூடிய ஏடு இருக்குமிடத்தில் தரகரும் வந்து சேருவது இயல்பே.

கணிப்பொறி மும்பைக்குப் புதிதன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டார் அமைத்த மின்னணுக் கணிப்பொறி இயங்கத் தொடங்கிவிட்டது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். ஆனால் அது விஞ்ஞானிகளுக்கு உதவிய கருவி. ரயில்வே இலாகாவும் 1960-களில் கணிப்பொறிகளை வரவழைத்துக் கணக்கு வேலைகளுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் பயன்படுத்தியது. அக்காலத்தில் தொழிற்சங்கங்கள் இவ்வியந்திரத்தை அஞ்சின. கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் அதை நிறுவவொட்டாமல் தடுத்தனர். ஊதியம் ஒன்றையே நம்பிய குடும்பங்களின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று.

பொதுமக்களின் ஜன்னலுக்கு இயந்திரம் வந்தது 1985-இல். அப்போது அரசாங்க நிறுவனமாயிருந்த சி.எம்.சி. வகுத்த முன்பதிவு முறை முதலில் புதுதில்லியில் சோதிக்கப்பட்டது. பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்குப் பரவியது. அதன் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியதே. பல ஏடுகளுக்குப் பதிலாக நடுவே ஒரே கணக்கு. எல்லா ஜன்னல்களும் அக்கணக்குடன் இணைக்கப்பட்டவை. ஒரு படுக்கை ஒருவருக்கு ஒதுக்கப்பட்டதும் அடுத்த நொடியே மற்ற ஜன்னல்களிலும் அது நீங்கிவிடும். எனவே எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம். காத்திருப்போர் பட்டியலில் நாம் எத்தனையாமவர் என்பது சீட்டிலேயே அச்சாகி வரும்.

இந்தக் கடைசி அம்சமே நம் கருத்தில் மிக முக்கியமானது. வேகம் ஒரு சௌகரியம். தன் முறை இன்னதென்று அறிவது ஓர் உரிமை. தாயின் உடல்நலக் குறைவைக் கேட்டுப் புறப்படும் தொழிலாளி, இடம் கிடைக்காவிட்டாலும், தமக்கு முன்னால் எத்தனை பேர் என்பதையாவது அறிந்துகொள்ள முடிந்தது.

நகரத்துக்கு நகரம் தனித்து நின்ற கணக்குகளை இணைக்கும் பணியை, 1986-இல் தோன்றிய ரயில்வே தகவல் முறை மையமான கிரிஸ் ஏற்றது. அதன் புதிய முறை 1994-இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-க்குள் ஐந்து மையங்களையும் ஒன்றாக்கியது. மும்பையில் இருந்துகொண்டே திருநெல்வேலியிலிருந்து திரும்பும் வண்டிக்கும் சீட்டு வாங்குவது எளிதாயிற்று. தந்திக்கு வேலையில்லாமற் போயிற்று. 2002 ஆகஸ்டில் இணையத்தின் வழியே முன்பதிவு தொடங்கியது. ஜன்னல் வீட்டுக்கே வந்தது.

ஆயினும் கணிப்பொறி படுக்கைகளைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது. கோடை விடுமுறையிலும் பொங்கலுக்கும் ஊருக்குச் செல்லும் கூட்டம் குறையவில்லை. நொடிகளில் இடம் தீரும்போது, விரைவான இணைப்பும் எழுத்தறிவும் உடையவரே முந்துகின்றனர். மற்றவர் மீண்டும் ஒரு தரகரை நாடுகின்றனர். 2025 ஜூலை முதல் இணையவழித் தத்கால் சீட்டுக்கு ஆதார் வழி அடையாளம் உறுதி செய்யப்பட வேண்டும் என்று விதித்ததும் இத்தகைய முறைகேட்டைத் தடுக்கவே.

அரசாங்க வாசகங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு இன்னொன்றும் தெரியும். மும்பையின் முன்பதிவுப் படிவம் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசியது. தமிழ் மட்டுமே அறிந்த தாராவித் தொழிலாளி, அதை நிரப்ப அருகில் நின்றவரின் கையை எதிர்நோக்கினார். படிவம் திரையாக மாறிவிட்டது. அவருடைய எதிர்நோக்கு மாறவில்லை.

மூடியிருந்த பேரேட்டைக் கணிப்பொறி திறந்து வைத்தது. அது மறுக்க முடியாத நன்மை. திறந்த ஏட்டை எல்லோரும் படிக்குமாறு செய்வது இயந்திரத்தின் வேலையன்று. அது அரசாங்கத்தின் கடமை. வரிசையின் கடைசியில் நிற்பவரும் பிறர் துணையின்றித் தம் சீட்டைத் தாமே பெறும் நாளில்தான் அக்கடமை நிறைவெய்தும்.