ரோமாபுரி முண்டமும் பழவேற்காட்டு எலும்புக்கூடும்

தலை இல்லை, கைகள் இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வாடிகனில் இருக்கும் அந்தப் பளிங்கு முண்டத்தைச் செதுக்கியவர் ஏதென்ஸ்காரர் அப்பொல்லோனியோஸ். கல்லிலேயே பெயரை வெட்டி வைத்திருக்கிறார். மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் அதன் முதுகு முறுக்கையும் வயிற்று மடிப்பையும் வரைந்து வரைந்துதான் உடம்பைப் படித்தார்கள்.

1543இல் முண்டம் மருத்துவ நூலுக்குள்ளும் புகுந்தது. பாசல் நகரில் அச்சான, மருத்துவர் வெசாலியஸின் உடற்கூறு நூலில் குடலைக் காட்டும் படங்களைப் பாருங்கள். வயிறு திறந்து நிற்பது பிணமல்ல, அந்தப் பளிங்கு உடல்! தூக்கிலிடப்பட்டவர்களை அறுத்துப் பார்த்த மனிதர், பார்த்ததைக் காட்டும்போது பழைய சிலையைத்தான் துணைக்கழைத்தார். எலும்புக்கூடுகளுக்கும் சிலைகளின் தோரணையே. ஒன்று கல்லறை மேடையில் முழங்கை ஊன்றி, மண்டையோட்டின்மேல் கைவைத்து யோசிக்கிறது. அதற்கு முன் ஐரோப்பியச் சுவரோவியங்களில் எலும்புக்கூடுகள் கூத்தாடிக்கொண்டிருந்தன.

ஹார்லெம் ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1590இல் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கே முண்டத்தையும் பிற சிலைகளையும் சுண்ணக்கோலால் வரைந்தார். அந்தத் தாள்கள் இன்றும் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிலவற்றைச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சுப்படங்களாக்கினார். சிலை ரோமிலேயே கிடக்க, காகிதம் ஊர் சுற்றியது.

கோல்ட்சியஸின் நாட்டிலேயே 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள், இங்கேயே செத்தும் போனார்கள். ஏரிக்கரை ஊரில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இருபுறமும் கல்லில் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றின் தலைமேல் மணல் கடிகாரம்.

வெசாலியஸ் படத்தின் நகல் என்று இவற்றைச் சொல்ல மாட்டேன். ஆனால் எலும்புக்கூட்டைத் தூண்போல் நிமிர்த்தி, பார்ப்பவனிடம் பேசவைக்கும் துணிச்சல் ஓவியர்கள் சிலைகளின் முன் பழகியதன் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. உப்புக்காற்று விளிம்புகளைத் தின்றுவிட்டதால் கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். பூநாரை பார்க்க வருகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நம் மண்ணுக்கு எலும்புருவம் புதிதும் அல்ல. டச்சுக்காரர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே சோழர் காலச் சிற்பிகள் காரைக்கால் அம்மையாரை விலா எலும்பு துருத்த, வற்றிய மார்போடு வடித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் அவரைக் காணலாம். பழவேற்காட்டு எலும்புக்கூடு நேரமாகிறது என்று மிரட்டுகிறது. அம்மையார் கையில் தாளத்தோடு பாடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அம்மையாரைத்தான் பிடிக்கிறது.