தக்காளிக் கடலைச் சட்னி

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறித் தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய நல்லம்பள்ளி வட்டாரத்திலும், அதனைச் சூழ்ந்த மானாவாரிக் கிராமங்களிலும், கேழ்வரகுக் களிக்கும் சேவைக்கும் துணையாகப் பழுத்த தக்காளியையும் வறுத்த நிலக்கடலையையும் கூட்டி அரைக்கப்படும் தொடுகறி. தமிழகத்தின் பிற பகுதிகளிலும் இது வழக்கிலுண்டு. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், திராப்பனி நகரத்தார் தக்காளி, பாதாம், பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைத் துளசியினத்து இலையோடு இடித்துப் பாஸ்தாவில் கலந்துண்ணும் பெஸ்தோ இதற்கு மிக நெருங்கிய பண்டமாகும். அதனை ஜெனோவா மாலுமிகளே அங்குக் கொணர்ந்தனர் என்னும் வரலாறு பெரிதும் கர்ணபரம்பரையானது.

சட்னியின் இரு பிரதான வஸ்துக்களும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. நிலக்கடலை போர்த்துக்கீசியரால் ஆப்பிரிக்கா வழியாக வந்தது என்பர் ஒரு சாரார். மணிலா வழியாக வந்தது என்பர் மற்றொரு சாரார். இரு வழிகளிலும் வெவ்வேறு காலங்களில் வந்திருத்தலும் கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பற்றிய சான்றுகள் மிகுதி. பிரான்சு தேசத்து மார்செய் நகரின் எண்ணெய், சவுக்காரத் தொழிற்சாலைகளுக்குப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை ஏற்றுமதியானபோது, தென்னார்க்காட்டுப் புன்செய்களில் அதன் சாகுபடி வேகமாகப் பெருகிற்று. ஆயின் 1890-களில் விளைச்சல் சீர்குலைந்து பரப்பு வெகுவாகச் சுருங்கவே, மொரீஷியசிலிருந்து தருவிக்கப்பட்ட புது விதை பயிருக்கு மறுவாழ்வு அளித்தது. குடியாத்தம் ரகத்திலிருந்து திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, குறுகிய காலத்தில் விளையும் கொத்துக் கடலையாதலால், மழையை நம்பிய உழவர்க்குப் பெரும் உபகாரமாயிற்று.

தக்காளியோ வெகுகாலம் ஐரோப்பியர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டது. 1889 முதல் வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதாரப் பண்டங்களின் அகராதி, இந்நாட்டவர் அதனை அப்போதுதான் விரும்பத் தொடங்கினர் என்கிறது. ஆதலின் இச்சட்னி இருபதாம் நூற்றாண்டுக்கு முன் பரவியிருத்தல் அரிது என்று கருதலாம்.

செய்முறையில் வரிசையே முக்கியம். காய்ந்த மிளகாய், உப்பு, பூண்டு ஆகியவற்றை முதலில் அம்மியில் நைய அரைத்து, தோல் தேய்த்து முறத்தில் புடைத்தெடுத்த கடலையை அதன்மேல் இட்டுக் கொரகொரப்பாக ஓட்டி, தணலில் சுட்டோ எண்ணெயில் வதக்கியோ ஆறவைத்த தக்காளியைக் கடைசியில் சேர்த்தல் வேண்டும். தக்காளியை முந்தி இட்டால் அதன் நீரில் கடலை குழவிக்கு அகப்படாமல் வழுக்கும். கடலையின் எண்ணெய் சற்றே கசிந்து தக்காளிச் சாற்றோடு கலக்கும் தருணத்தில் எழும் மணம் அலாதியானது. புளி சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறுபடும். பழம் நாட்டுத் தக்காளியாயின் அது வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் மின் அரவை இயந்திரம் அம்மியின் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபின், இப்பகுதியின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் பாலக்கோடு தருமபுரியிலும், ராயக்கோட்டை கிருஷ்ணகிரியிலும் அமைந்துள்ளன.