தைராய்டு சுரப்பியும் உப்பும்: கழலை வரைபடத்துக்கு வெளியே நின்ற ஜவ்வாது மலை

ஆய்வுச் சுருக்கம்

முன்கழுத்துக் கழலை இந்தியாவில் நெடுங்காலம் இமயமலை நோயாகக் கருதப்பட்டது. அக்கருத்து உருவான வரலாற்றையும், அதனால் தென்னக மலைப்பகுதிகள் பொதுநலத் திட்டங்களின் பார்வையிலிருந்து விலகி நின்றதையும் இக்கட்டுரை ஜவ்வாது மலையை முன்வைத்து ஆராய்கிறது. தைராய்டு சுரப்பியின் ஒழுங்கு உடலுக்குள் மட்டும் முடிவதன்று. மண், உப்பு வணிகம், அரசு ஆகியவற்றோடும் பிணைந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தைராய்டு, அயோடின், முன்கழுத்துக் கழலை, ஜவ்வாது மலை, உப்பு.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெரும்பான்மையினராக வாழ்கின்றனர். சாமையும் தேனும் புளியும் மலையில் கிடைப்பவை. உப்போ கடற்கரையிலிருந்து வரவேண்டியது. மலையடிவாரத்துச் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், இம்மலையில் தோன்றும் சேயாற்றையும் குறிப்பிடுகிறது. கடலோர உப்பை உள்நாட்டுக்கு வண்டிகளில் கொண்டுசென்ற உமணரைச் சங்க இலக்கியம் பரவலாகக் காட்டுகிறது. ஆறு மலையிலிருந்து கீழிறங்க, உப்பு கடலிலிருந்து மேலேறும் இந்த எதிரெதிர்ப் போக்கு, தைராய்டு சுரப்பியின் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.

சுரப்பியின் ஒழுங்கும் புறத்தேவையும்

தைராய்டு சுரப்பி தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரந்து உடலின் ஆற்றல் செலவு, வெப்பம், வளர்ச்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தூண்டு ஹார்மோனை மிகுதியாக வெளியிடும். அளவு உயர்ந்தால் அத்தூண்டல் தணியும். இப்பின்னூட்ட ஒழுங்கு குலைவதற்கு ஒரு தனிமத்தின் குறைவே போதுமானது. தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் கிடைக்காதபோது தைராக்சின் குறைகிறது. பிட்யூட்டரியின் தூண்டல் ஓய்வதில்லை. சுரப்பி பருத்துக் கழலையாகிறது. ஆகவே கழலை என்பது சுரப்பி தன் கடமையைச் செய்ய முயல்வதன் அடையாளமே.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுக்கும் கணக்கிட்டால் அது 4 கிராமை எட்டாது. ஆயினும் அதன் இழப்பு பெரிது. கருவின் சுரப்பி இயங்கத் தொடங்கும் முன் அதன் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே சார்ந்துள்ளது. எனவே கழுத்தில் வீக்கம் புலப்படாத ஊரிலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குன்றக்கூடும்.

குன்னூரிலிருந்து காங்ராவுக்கு

1895இல் யூஜின் பௌமன் தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார். 1914இல் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இதே காலத்தில் இந்திய மருத்துவப் பணியிலிருந்த இராபர்ட் மெக்கரிசன், கில்கிட் பகுதியில் கழலையை ஆராய்ந்து, மாசடைந்த குடிநீரே அதன் காரணம் எனக் கருதினார். அவர் 1918இல் குன்னூரில் தொடங்கிய ஆய்வுப் பிரிவு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது.

அக்குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றிய வி. இராமலிங்கசாமியே, 1956இல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வை வழிநடத்தினார். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் மூன்றிலும் கழலை ஏறத்தாழ 38 சதவீதமாக இருந்தது. 1962இல் அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் அது 19, 15 சதவீதமாகக் குறைந்தது. சாதாரண உப்பு பெற்ற பகுதியில் 40 சதவீதமாக நீடித்தது. அதன்பின் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது.

வரைபடத்தின் வரம்பு

1962இல் தொடங்கிய தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் இமயமலையடி 'கழலை வளையத்தை'யே முதன்மையாகக் கொண்டது. காங்ராவின் வெற்றி உப்பின் ஆற்றலை நிறுவியது. கூடவே நோயின் இருப்பிடம் இமயமே என்னும் எண்ணத்தையும் உறுதிப்படுத்தியது. மழை மேல்மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துச் செல்வது இமயத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. சரிவும் மழையும் உள்ள ஜவ்வாது மலைக்கும் அது பொருந்தும். பிற்கால ஆய்வுகள் சமவெளியிலும் கடலோரத்திலும் கூடக் குறைபாட்டைக் கண்டன. இதன் பயனாக நாடு முழுமைக்கும் உப்பில் அயோடின் சேர்க்கும் கொள்கை 1980களில் ஏற்கப்பட்டது. 1992இல் திட்டத்தின் பெயரிலிருந்த 'கழலை' நீங்கி 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' இடம்பெற்றது.

சட்டமும் கல்லுப்பும்

அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதை மத்திய அரசு 1997இல் தடைசெய்தது; 2000இல் அத்தடையை விலக்கி, 2006இல் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. கலப்படத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவ்விதி செல்லாது என 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியபோதும், பொதுநலம் கருதி ஆறு மாதம் தொடர இசைந்தது. பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகள் தடையைத் தொடர்ந்தன. 1930இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளிய மண்ணில் இக்கட்டாயம் எளிதில் ஏற்கப்படக் கூடியதன்று.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையிலுள்ளது தமிழ்நாடு. ஆனால் 2018-19ஆம் ஆண்டு தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இங்கு 61.9 சதவீதமே, மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. நாட்டின் சராசரி 76.3 சதவீதம். உப்பளத்துக் கல்லுப்பு நேரே சந்தைக்கு வருவதும், அதனை விரும்பும் சமையல் வழக்கமும் இதற்குக் காரணங்களாகும். ஈரத்திலும் திறந்த கலத்திலும் அயோடின் இழக்கப்படுவது மற்றொன்று.

முடிவுரை

நீரில் தேடப்பட்ட காரணம் சுரப்பியிலும், சுரப்பியில் கண்ட குறை உப்பிலும் விடை பெற்றது. ஆனால் இமயத்தை மையமாக்கிய வரைபடம் தென்னக மலைகளை நெடுங்காலம் கணக்கில் கொள்ளவில்லை. இன்று சட்டம் அனைவருக்கும் பொதுவாயினும், ஜவ்வாது மலைத் தாய் ஒருத்தியின் அடுப்படியை அடையும் உப்பில் அயோடின் இருப்பதே அதன் உண்மையான அளவுகோல். மாநிலச் சராசரியோடு நில்லாமல், மலை ஊர்களின் நியாயவிலைக் கடைகளிலும் வீடுகளிலும் உப்பைத் தனியே சோதித்துப் பதிவுசெய்வது இவ்வரலாறு உணர்த்தும் அடுத்த பணியாகும்.