ஜேன் அயரின் முப்பது பவுன்

ஆங்கில நவீனங்களில் பெண்ணின் தன்மதிப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் முதற்கண் எடுத்துக்காட்டுவது 'ஜேன் அயர்' என்னும் நூலையே. 1847ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அந்நூலின் முகப்பில் கர்ரர் பெல் என்ற பெயர் காணப்பட்டது. ஆணோ பெண்ணோ என்று அறியவொண்ணாத அப்பெயருக்குள் மறைந்து நின்றவர் சார்லட் பிராண்டி அம்மையார். இலக்கியம் மாதர்க்குரிய தொழிலாகாது என்று அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுதே 1837இல் அவருக்கு எழுதிய கடிதத்தை நினைப்போர்க்கு, இம்மறைவின் காரணம் எளிதில் விளங்கும்.

காதற்கதையென்றே பலரும் இதனைப் படிக்கின்றனர். நேயர்கள் ஒருமுறை இதனை வரவு செலவுப் புத்தகமாகவும் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

தாய் தந்தையற்ற ஜேன், லோவுட் என்னும் தருமப் பள்ளியில் ஆறாண்டு மாணவியாகவும் ஈராண்டு ஆசிரியையாகவும் இருந்தவள். எவரையும் யோசனை கேளாமல் தானே பத்திரிகையில் விளம்பரம் செய்து, தார்ன்பீல்டு மாளிகையில் கவர்னஸ் எனப்படும் வீட்டாசிரியை வேலையைப் பெறுகிறாள். சம்பளம் ஆண்டுக்கு 30 பவுன். லோவுடில் பெற்றதைப்போல் இரு மடங்கு. நூலாசிரியரே 1841இல் ஒரு குடும்பத்தில் இதே வேலை பார்த்தபோது அவருக்குக் கிடைத்தது 20 பவுன். அதிலும் துணி வெளுப்பதற்கென 4 பவுன் பிடித்துக்கொண்டார்கள்! முப்பது பவுன் என்று எழுதிய கைக்கு அதன் பெறுமானம் நன்கு தெரியும்.

எசமானன் ரோச்செஸ்டர் அவளை மணக்க விரும்புகிறான். பட்டும் நகையும் வாங்கிக் குவிக்க அவன் முற்படும்போது அவள் மகிழவில்லை, கூசுகிறாள். மணத்திற்குப் பின்னும் அடேல் என்னும் சிறுமிக்குப் பாடஞ் சொல்லி அந்த முப்பது பவுனைத் தானே சம்பாதிப்பதாகக் கூறுகிறாள். தனக்கெனச் சிறிது பொருள் கிடைக்கும் வழியை நாடி, மதீராத் தீவிலுள்ள சிற்றப்பனுக்கும் திருமணச் செய்தியை எழுதுகிறாள். ரோச்செஸ்டருக்கு முன்னரே மனைவி உண்டென்னும் உண்மை கோயிலில் வெளிப்பட்டு மணம் நின்றுபோவது அக்கடிதத்தினால்தான். பிறன் கையை எதிர்பாராதிருக்க விழைந்த மனமே அவளைக் காப்பாற்றியது.

அம்முதல் மனைவியைப் பற்றியும் சிறிது நினைக்க வேண்டும். ஜமைக்காவில் தோட்ட முதலாளியின் மகளாகிய பெர்த்தா 30,000 பவுனுடன் வந்தவள். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமானவுடன் பெண்ணின் பணமும் ஜங்கமச் சொத்தும் கணவனைச் சேரும். சித்தம் கலங்கிய அவளைத் தார்ன்பீல்டின் மேல்மாடியில் பத்தாண்டு பூட்டி வைத்தான் கணவன். பணம் அவனிடம், அவள் அறைக்குள். 1857க்கு முன் பூரண மணவிலக்குக்குப் பார்லிமெண்டில் தனிச்சட்டமே வேண்டும். மனநோயைக் காரணமாக ஏற்ற சட்டமோ 1937இல்தான் வந்தது. ஜேன் ஓரிடத்தில் அவளுக்காக இரங்கிப் பேசுகிறாள், அவ்வளவே. நூலின் பெருங்குறை இதுவென்போம். பெர்த்தாவின் பக்கத்தைச் சொல்ல 1966இல் ஜீன் ரைஸ் அம்மையார் வேறொரு நவீனம் எழுத வேண்டியதாயிற்று.

மணமின்றியே தன்னுடன் வாழுமாறு அழைத்த ரோச்செஸ்டரை மறுத்து, ஜேன் விடியுமுன் வெளியேறுகிறாள். கையிலிருந்த 20 ஷில்லிங்கும் வண்டிக் கூலிக்குப் போயிற்று. பன்றிக்கு வைத்த கஞ்சியை வாங்கிக் குடிக்கும் நிலைக்கு வந்தாள். பின்னர்க் கிராமப் பள்ளியில் வேலை. மீண்டும் அதே முப்பது பவுன். சிற்றப்பன் விட்டுச்சென்ற 20,000 பவுனை மைத்துன மைத்துனிகளுடன் நான்காகப் பங்கிட்டு, 5,000 பவுனோடு பார்வையிழந்த ரோச்செஸ்டரிடம் திரும்புகிறாள். தன் காலில் நிற்பவளாக அவனை மணக்கிறாள்.

ஆனால் பெர்த்தாவின் பொருளை விழுங்கிய அதே சட்டம் ஜேனையும் விடாதன்றோ? முன்னேற்பாடின்றி மணந்தால் அந்த 5,000 பவுனும் கணவனுடையதே. கதை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை 1870இல் ஓரளவும் 1882இல் பெரும்பாலும் கிடைத்தது.

சட்டத்தை நேரே தாக்காத இந்நூலுக்கே எதிர்ப்பு எத்தகையது! 1848 டிசம்பரில் எலிசபெத் ரிக்பி என்னும் அம்மையார், இது கலகக்காரர் குரலென்று கண்டித்தெழுதினார். எழுதியவர் பெண்ணாயின், பெண்கள் கூட்டத்தில் சேரும் தகுதியை இழந்தவராதல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

சார்லட் அம்மையார் 1854 ஜூனில் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்னும் பாதிரியாரை மணந்தார். மணத்திற்கு முந்திய மாதத்தில், ஜேனுக்குக் கதையில் எழுதிவையாத ஏற்பாடொன்றைத் தமக்குச் செய்துகொண்டார். எழுத்தினால் ஈட்டிய பணம் தமது தனி உபயோகத்திற்கே இருக்குமாறு பத்திரம் எழுதி, அதனை ஒரு தருமகர்த்தாவின் பொறுப்பில் வைத்தார்.