அயோத்திதாசரும் அறிவின் ராப்பும்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, காலையிலேயே ஓ.பி. சீட்டுப் போட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நடப்பவர்கள் ஒரு பெயரைப் பார்த்திருப்பார்கள். 2005இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். சித்த வைத்தியர் என்பதால் அங்கே அவர் பெயர் பொருத்தம்தான். ஆனால் தமிழ் ராப்பின் கதையிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

அயோத்திதாசர் (1845–1914) ராயப்பேட்டையிலிருந்து 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கியவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களைச் சாதிப் பெயரால் எழுதக் கூடாது, பூர்வத் தமிழர் என்றே பதிய வேண்டும் என்று வாதாடியவர். ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அவருடைய சிந்தனையிலிருந்துதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்குப் பெயர் வந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. அங்கே ராப் பாடியவர்களில் ஒருவர் அறிவு, அரக்கோணத்துக்காரர். தாம்பரத்தில் ரயிலேறினால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாக அவர் ஊருக்குப் போய்விடலாம்.

அதற்கு முன்பும் தமிழில் ராப் இருந்தது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’பை சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள் மூவரும் பாடினார்கள். கிராமத்துக் குரலான குஞ்சரம்மாளை அதில் கொண்டுவந்து சேர்த்த ஏ.ஆர். ரகுமானின் துணிச்சல் இன்றும் வியக்க வைக்கிறது. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில், பெட்டியின் தகரத்தையே தாளமாக்கிக் கானா பாடிய கல்லூரிப் பையன்களுக்கு இந்தச் சங்கதி அந்நியமாகப் பட்டிருக்காது.

2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தது. ‘நிழல்கள்’ படத்து இளையராஜா பாட்டை எடுத்து அவர்கள் செய்த ‘மடை திறந்து’ இங்கே பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2011இல் ஹிப்ஹாப் தமிழாவின் ‘க்ளப்புல மப்புல’. பெண்களுக்குப் புத்தி சொல்லும் அந்தப் பாட்டை இன்று கேட்டால் நெளிய வேண்டியிருக்கிறது. எப்படியோ, சினிமாவில் ராப் பெரும்பாலும் ஹீரோ என்ட்ரிக்கும் இரண்டு சரணங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கும்தான் பயன்பட்டது.

அறிவு வந்த வழி வேறு. பெற்றோர் ஆசிரியர்கள், அறிவொளி இயக்கத்தில் பாடுபட்டவர்கள். பிள்ளை இன்ஜினீயரிங்கும் எம்.பி.ஏ.வும் படித்தார். 2018இல் ‘காலா’ படத்துக்குப் பாட்டெழுதினார். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டார். படம் இல்லை, ஹீரோ இல்லை. அரசியலைப் பூசி மெழுகாமல் பேசும் பாட்டுகள்.

2021 மார்ச்சில் வந்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’. பாடகி தீயும் அறிவும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் வைத்தார். துள்ளலாக ஓடும் பாட்டு ஒப்பாரிக்குள் இறங்கும் இடத்தில், கல்யாண வீட்டில் அதற்கு ஆடுகிறவர்கள்கூட ஒரு கணம் தடுமாறுவார்கள்.

பெயர்ப் பிரச்சினை மறுபடி அங்கேதான் தலைதூக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு, இணைய அட்டை ஒன்று அவருக்கென வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே அரங்கேறியது. அறிவு தன் உழைப்பைச் சொல்லி வெளிப்படையாக எழுதினார். அவருக்கு உரிய இடத்தைத் தாங்கள் எப்போதும் மறைத்ததில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதிலளித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். எழுதியவன் தன் பெயரைத் தானே கேட்டு வாங்கும் நிலை வந்திருக்கக் கூடாது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னது இன்னும் கொடுமை: அந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் ஒரு காசுகூட வரவில்லையாம்.

அதே ஆண்டு அறிவின் தனி ஆல்பம் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’.